டெக்சாஸில் முதலிடம் பிடித்த ஹிஸ்பானிக் மக்கள்: நகரத்துக்கு நகரம் மாறும் பங்கும், அதற்கு ஈடாக உயராத பிரதிநிதித்துவமும்

அமெரிக்காவில் மக்கள்தொகை அடிப்படையில் இரண்டாவது பெரிய மாநிலமான டெக்சாஸில், ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ என வகைப்படுத்தப்படும் மக்கள், ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையினத்தவரை எண்ணிக்கையில் முந்திவிட்டனர். 2022 ஜூலை 1 நிலவரத்தைக் காட்டும் மதிப்பீட்டை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பு 2023 ஜூனில் வெளியிட்டது. அதன்படி மாநில மக்கள்தொகையில் ஹிஸ்பானிக் மக்கள் 40.2 சதவீதம்; ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையினத்தவர் 39.8 சதவீதம்.

இந்த மாற்றம் எதிர்பாராத ஒன்றன்று. 2020-ஆம் ஆண்டின் பத்தாண்டுக் கணக்கெடுப்பிலேயே இரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு ஒன்றரை லட்சத்துக்கும் கீழே குறைந்திருந்தது. அப்போது மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை 2 கோடியே 91 லட்சத்து 45 ஆயிரம். அதில் ஹிஸ்பானிக் மக்கள் 1 கோடியே 14 லட்சத்து 41 ஆயிரம் (39.3 சதவீதம்), ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையினத்தவர் 1 கோடியே 15 லட்சத்து 84 ஆயிரம் (39.7 சதவீதம்). 2010 முதல் 2020 வரை மாநிலத்தில் கூடிய ஏறத்தாழ 40 லட்சம் பேரில் சரிபாதி, அதாவது 19 லட்சத்து 80 ஆயிரம் பேர், ஹிஸ்பானிக் பிரிவினர். அதே பத்தாண்டில் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையினத்தவர் கூடியது 1 லட்சத்து 87 ஆயிரம் மட்டுமே.

ஆயினும் மாநிலச் சராசரி டெக்சாஸைப் பற்றி அதிகம் சொல்லிவிடுவதில்லை. எல்லை நகரமான லாரெடோவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஹிஸ்பானிக்; அங்கிருந்து வடக்கே எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஃபிரிஸ்கோவில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். 40 சதவீதம் என்ற எண், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சமூக வரலாறுகளைக் கூட்டி வகுத்துப் பெற்ற ஈவு என்பதே பொருத்தமாக இருக்கும்.

ஆற்றங்கரையிலிருந்து வடக்கு நோக்கி

ஹிஸ்பானிக் மக்களின் பங்கு மிக உயர்ந்து காணப்படுவது ரியோ கிராண்டே நதிக்கரையில். 2020 கணக்கெடுப்பின்போது 2 லட்சத்து 55 ஆயிரம் மக்களைக் கொண்டிருந்த லாரெடோ, 1 லட்சத்து 87 ஆயிரம் பேர் வாழ்ந்த பிரவுன்ஸ்வில் ஆகிய இரண்டிலும் இப்பங்கு சுமார் 95 சதவீதம். மெக்ஆலன் நகரில் ஏறத்தாழ 87 சதவீதம். நதியின் மேற்குக் கோடியில், மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரை ஒட்டி அமைந்துள்ள எல் பாசோவில் 6 லட்சத்து 79 ஆயிரம் மக்களில் சுமார் 81 சதவீதத்தினர் ஹிஸ்பானிக்.

இந்நகரங்களுக்கு மக்கள் எல்லை கடந்து வந்தனர் என்று சொல்வதைக் காட்டிலும், எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது என்று சொல்வது வரலாற்றுக்கு நெருக்கமானது. லாரெடோ 1755-இல் ஸ்பானியப் பேரரசின் குடியேற்றமாக நிறுவப்பட்டது. டெக்சாஸ் 1836-இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்து தனிக் குடியரசானது. 1845-இல் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. இவ்விணைப்பைத் தொடர்ந்து மூண்ட அமெரிக்க - மெக்சிகோ போரை முடித்துவைத்த 1848-ஆம் ஆண்டின் குவாடலூப் ஹிடால்கோ உடன்படிக்கை, ரியோ கிராண்டேயை இரு நாடுகளின் எல்லையாக்கியது. வடகரையில் இருந்த லாரெடோ அமெரிக்க நகரமாயிற்று. மெக்சிகோ குடிமக்களாகவே நீடிக்க விரும்பிய குடும்பங்கள் தென்கரைக்குப் பெயர்ந்து, நூவோ லாரெடோ எனும் புது நகரை உருவாக்கின. இன்றும் இரு நகரங்களையும் பாலங்கள் இணைக்கின்றன; உறவினர் இருகரையிலும் உள்ளனர்.

கடலோர நகரமான கார்பஸ் கிறிஸ்டியில் இப்பங்கு அறுபது சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகரமான சான் அன்டோனியோவில் 14 லட்சத்து 35 ஆயிரம் மக்களில் 64 சதவீதத்தினர் ஹிஸ்பானிக். 1718-இல் ஸ்பானியச் சமயப்பணி நிலையமும் படைமுகாமும் அமைந்தபோது தோன்றிய நகரம் அது. 1731-இல் கேனரி தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கு முதல் குடிமை நிர்வாகத்தை ஏற்படுத்தின. ஆங்கிலம் பேசுவோர் வந்து சேர்வதற்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்த ஸ்பானிய, மெக்சிகோ வழியினர் ‘தெஹானோ’ எனப்பட்டனர். அவர்களின் சந்ததியினர் இன்றும் அப்பெயரைப் பெருமையுடன் சூடிக்கொள்கின்றனர்.

பெரும் தொழில் நகரங்களின் கதை வேறு. 23 லட்சம் மக்களுடன் மாநிலத்தின் மிகப்பெரிய நகரமாக விளங்கும் ஹூஸ்டனில் 44 சதவீதம், டல்லாஸில் 42 சதவீதம், ஃபோர்ட் வொர்த்தில் ஏறத்தாழ 35 சதவீதம், தலைநகர் ஆஸ்டினில் 32.5 சதவீதம் என்பது 2020 நிலவரம். இந்நகரங்களின் ஹிஸ்பானிக் மக்கள்தொகை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் உருவானது. 1910-இல் வெடித்த மெக்சிகோ புரட்சியிலிருந்து தப்பி வந்தவர்கள், ரயில் பாதைப் பணிக்கும் பருத்தி வயல்களுக்கும் வந்தவர்கள், பின்னர் எண்ணெய்த் தொழிலுக்கும் கட்டுமானத்துக்கும் வந்தவர்கள் என அலை அலையாக அது பெருகியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை வரவழைக்கும் ‘பிராசெரோ’ திட்டம் தொடங்கியபோது, டெக்சாஸுக்குத் தன் குடிமக்களை அனுப்ப மெக்சிகோ அரசு மறுத்துவிட்டது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அம்மாநிலத்தில் மெக்சிகோ வழியினர் நடத்தப்பட்ட விதமே அதற்குக் காரணம். உணவகங்களிலும் பள்ளிகளிலும் இடுகாடுகளிலும்கூட அவர்கள் தனியே ஒதுக்கப்பட்டிருந்தனர்.

டல்லாஸின் வடக்குப் புறநகர்களான பிளானோவும் ஃபிரிஸ்கோவும் தகவல் தொழில்நுட்பத் துறையின் வழியே தமிழ்க் குடும்பங்களுக்கும் நன்கு அறிமுகமானவை. பிளானோவில் ஹிஸ்பானிக் மக்கள் 15 முதல் 16 சதவீதம். ஃபிரிஸ்கோவில் 2020 நிலவரப்படி நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் ஆசிய வம்சாவளியினர். அவர்களுள் இந்தியரே மிகுதி. அதாவது, டெக்சாஸின் இந்த மூலையில் மக்கள்தொகை மாற்றத்தின் முதன்மை ஓட்டம் ஸ்பானிய மொழி பேசுவோருடையது அன்று. வெள்ளையினத்தவரின் பங்கு குறைவதையும் ஹிஸ்பானிக் பங்கு கூடுவதையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது என்பதற்கு ஃபிரிஸ்கோ ஒரு சான்று.

ஹிஸ்பானிக் என்பவர் யார்?

அமெரிக்க அரசின் வரையறைப்படி ஹிஸ்பானிக் என்பது இனம் அன்று, பூர்வீகம். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய அல்லது தென் அமெரிக்க நாடுகள், அல்லது வேறு ஸ்பானியப் பண்பாட்டுப் பூர்வீகம் கொண்ட எவரும், எந்த இனத்தவராயினும், இவ்வகைக்குள் வருவர். ஸ்பானிய மொழியைச் சுட்டும் ‘ஹிஸ்பானிக்’ என்ற சொல்லும், லத்தீன் அமெரிக்காவைச் சுட்டும் ‘லத்தீனோ’ என்ற சொல்லும் பேச்சுவழக்கில் வேறுபடுவதுண்டு. ஸ்பெயினிலிருந்து வந்தவர் ஹிஸ்பானிக். ஆனால் லத்தீனோ அல்லர் என்பர். போர்த்துகீசிய மொழி பேசும் பிரேசில் நாட்டவர் லத்தீனோ எனப்படுவதுண்டு, ஹிஸ்பானிக் எனப்படுவதில்லை. அரசுப் புள்ளிவிவரத்திலோ இரு சொற்களும் ஒரே கட்டத்துக்கான இரு பெயர்களே.

இந்தக் கட்டம் படிவத்தில் இடம்பிடித்த வரலாறு நெடியது. 1930 கணக்கெடுப்பில் ‘மெக்சிகன்’ என்பது ஒரு தனி இனமாகவே குறிக்கப்பட்டது. மெக்சிகோ அரசும், 1929-இல் கார்பஸ் கிறிஸ்டியில் தோன்றிய லூலாக் அமைப்பும் இதை எதிர்த்தன. காரணம் எளிது: வெள்ளையர் அல்லாதவர் என முத்திரை குத்தப்படுவது, அன்றைய அமெரிக்காவில் பள்ளி முதல் வாக்குரிமை வரை பலவற்றை இழப்பதற்கு ஒப்பானது. எனவே 1940-இல் அக்கட்டம் நீக்கப்பட்டு, மெக்சிகோ வழியினர் மீண்டும் வெள்ளையினத்தவராகக் கணக்கிடப்பட்டனர்.

அதன் விலை பின்னர்தான் தெரிந்தது. தனியாக எண்ணப்படாத மக்களுக்கு, தங்களுக்கு இழைக்கப்படும் பாகுபாட்டை மெய்ப்பிக்க எண்கள் இல்லை. டெக்சாஸின் ஜாக்சன் கவுன்டியில் நடந்த கொலை வழக்கொன்றில், மெக்சிகோ வழியினரான பீட் ஹெர்னாண்டஸுக்கு வெள்ளையினத்தவர் மட்டுமே கொண்ட ஜூரி தண்டனை விதித்தது. மெக்சிகோ வழியினரும் வெள்ளையினத்தவரே. எனவே பாகுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது மாநிலத்தின் வாதம். குடும்பப் பெயர்களைக் கொண்டு பார்த்தபோது, அந்தக் கவுன்டியின் மக்களில் 14 சதவீதத்தினர் மெக்சிகோ அல்லது லத்தீன் அமெரிக்க வழியினர் என்பதும், 25 ஆண்டுகளில் அவர்களுள் ஒருவர்கூட ஜூரியில் அமர்ந்ததில்லை என்பதும் வெளிப்பட்டன. 1954 மே 3-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், மெக்சிகோ வழியினரும் அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தத்தின் பாதுகாப்புக்கு உரிய பிரிவினரே எனத் தீர்ப்பளித்தது. கறுப்பின மாணவர்களுக்குத் தனிப்பள்ளி கூடாதெனக் கூறிய புகழ்பெற்ற பிரவுன் வழக்குத் தீர்ப்பு வெளியானது அதற்கு இரு வாரங்களுக்குப் பின்னரே.

1976-இல் ஸ்பானியப் பூர்வீகத்தவர் குறித்த புள்ளிவிவரங்களைத் திரட்டுமாறு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1980 கணக்கெடுப்பில் முதன்முறையாக அனைத்துக் குடும்பங்களிடமும் இக்கேள்வி கேட்கப்பட்டது. பூர்வீகத்துக்கு ஒரு கேள்வி, இனத்துக்கு இன்னொரு கேள்வி என்ற முறை அன்று முதல் தொடர்கிறது. பதில் அளிப்போருக்கு இரண்டாவது கேள்வி எப்போதும் குழப்பமே. 2010-இல் நாடு முழுவதும் 2 கோடியே 67 லட்சம் ஹிஸ்பானிக் மக்கள் தங்களை வெள்ளையினத்தவர் என்று மட்டும் குறித்தனர்; 2020-இல் அவ்வாறு குறித்தோர் 1 கோடியே 26 லட்சம் பேர். அதே காலத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறித்த ஹிஸ்பானிக் மக்கள் 30 லட்சத்திலிருந்து 2 கோடியே 3 லட்சமாக உயர்ந்தனர். மக்கள் மாறிவிடவில்லை. படிவத்தின் வடிவமைப்பும், விடைகளைப் பகுக்கும் முறையும், ஓரளவுக்கு மக்கள் தங்களைக் காணும் விதமும் மாறின. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு இவ்விரு கேள்விகளையும் ஒன்றாக்கி, ஹிஸ்பானிக் என்பதைப் பிற இனப்பிரிவுகளுக்கு இணையான விடையாக வைக்கும் புதிய விதிமுறையை அறிவித்தது. 2030 கணக்கெடுப்பில் அது பின்பற்றப்பட்டால், பழைய எண்களுடன் புதியவற்றை ஒப்பிடுவோர் பெரிதும் கவனமாக இருக்க வேண்டியிருக்கும்.

ஒரே பெயரின் கீழ் அடங்குவோரும் ஒரே வகையினர் அல்லர். டெக்சாஸின் ஹிஸ்பானிக் மக்களில் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் மெக்சிகோ வழியினர். எனினும் ஹூஸ்டனில் எல் சல்வடோர், ஹோண்டுராஸ் நாட்டவர் பெருந்தொகையில் வாழ்கின்றனர். எண்பதுகளின் உள்நாட்டுப் போரும், 1998-இல் மத்திய அமெரிக்காவைச் சூறையாடிய மிட்ச் புயலும் அவர்களை அங்குக் கொண்டுவந்து சேர்த்தன. ராணுவத் தளம் அமைந்துள்ள கிலீன் நகரில், பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்ற போர்ட்டோ ரிக்கோ மக்கள் கணிசமாக உள்ளனர். மாநிலத்தின் ஹிஸ்பானிக் மக்களில் சுமார் பத்தில் ஏழு பேர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது. ஹிஸ்பானிக் என்றாலே குடியேறி என எண்ணுவது, இந்தியாவிலிருந்து செய்தி படிப்போரிடையே மட்டுமன்றி அமெரிக்கர்களிடையேயும் காணப்படும் பிழை.

ஆஸ்டினில் நேர்ந்தது

மாநிலம் முழுவதும் ஹிஸ்பானிக் பங்கு உயர்ந்த பத்தாண்டில், ஆஸ்டினில் அது சரிந்தது. 2010-இல் 35.1 சதவீதமாக இருந்த பங்கு, 2020-இல் 32.5 சதவீதமாயிற்று. எண்ணிக்கை குறையவில்லை, 2 லட்சத்து 78 ஆயிரத்திலிருந்து 3 லட்சத்து 12 ஆயிரமாக உயரவே செய்தது. ஆனால் நகரின் மொத்த வளர்ச்சி அதைவிட வேகமாக இருந்தது.

ஆஸ்டினின் 1928-ஆம் ஆண்டு நகரத் திட்டம், கறுப்பினத்தவருக்கான பள்ளிகளையும் பிற வசதிகளையும் கிழக்குப் பகுதியில் மட்டும் அமைத்து அவர்களை அங்கே நகர்த்தியது. மெக்சிகோ வழியினரும் நாளடைவில் கிழக்கிலேயே ஒதுங்கினர். பின்னர் அமைந்த 35-ஆம் எண் நெடுஞ்சாலை இப்பிரிவினையைக் கான்கிரீட்டில் வரைந்து காட்டியது. பல்லாண்டுகள் மதிப்பற்றுக் கிடந்த அதே நிலம், மென்பொருள் நிறுவனங்கள் நகருக்கு வந்தபின், மையப் பகுதிக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ள விலையுயர்ந்த மனையாயிற்று. சொத்து வரியும் வாடகையும் ஏறின. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. உள்ளாட்சிகளும் பள்ளி மாவட்டங்களும் சொத்து வரியையே பெரிதும் நம்பியுள்ளன. ஆகவே சொந்த வீடு உடையவரும்கூட, வீட்டின் மதிப்பு உயர உயரக் கூடும் வரியைத் தாங்க இயலாது விற்றுவிட்டு வெளியேறினர். இவ்வாறு வெளியேறியோரை நகர எல்லைக்கு அப்பாலுள்ள சிற்றூர்களின் கணக்கில்தான் காண முடியும்.

டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் சரிவு இல்லை, உயர்வும் இல்லை. பத்தாண்டுகளில் இரு நகரங்களின் ஹிஸ்பானிக் பங்கும் ஏறத்தாழ அசையாமல் நின்றது. வளர்ச்சி புறநகர்களுக்கு நகர்ந்துவிட்டது. ஹூஸ்டனின் கிழக்கே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கிடையே உள்ள பாசடேனா ஒரு காலத்தில் வெள்ளைத் தொழிலாளரின் ஊராக அறியப்பட்டது. இன்று அங்கு பத்தில் ஏழு பேர் ஹிஸ்பானிக்.

நகரப் பங்கை வைத்து எல்லாவற்றையும் அளக்க இயலாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ‘கொலோனியா’ எனப்படும் குடியிருப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. குடிநீர், கழிவுநீர் வசதியின்றித் தவணை முறையில் விற்கப்பட்ட மனைகளில் எழுந்த இவை, பெரும்பாலும் எந்த நகராட்சிக்கும் உட்படாதவை. எனவே இங்கு வாழ்வோர் எந்த நகரத்தின் சதவீதத்திலும் இடம்பெறுவதில்லை.

எண்ணப்படாதோர்

பங்கு குறித்த விவாதம் அனைத்தும், மக்கள் சரியாக எண்ணப்பட்டனர் என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. 2020-இல் அது நிகழவில்லை. கணக்கெடுப்பு அமைப்பே பின்னர் நடத்திய சரிபார்ப்பு ஆய்வு, ஹிஸ்பானிக் மக்கள் நாடு தழுவிய அளவில் 4.99 சதவீதம் குறைத்து எண்ணப்பட்டதாகக் கண்டறிந்தது. டெக்சாஸ் மாநிலம் ஒட்டுமொத்தமாக 1.92 சதவீதம், அதாவது சுமார் 5 லட்சத்து 48 ஆயிரம் பேர் குறைவாகக் கணக்கிடப்பட்டது.

கொரோனா தொற்று ஒரு காரணம். படிவத்தில் குடியுரிமைக் கேள்வியைச் சேர்க்க டிரம்ப் அரசு முயன்றதும், அதை 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடுத்ததும் மற்றொன்று. கேள்வி இடம்பெறவில்லை, ஆனால் அச்சம் இடம்பெற்றுவிட்டது. கணக்கெடுப்பில் மக்களைப் பங்கேற்கச் செய்ய கலிஃபோர்னியா 18 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியபோது, டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு டாலரும் ஒதுக்கவில்லை. அதன் விளைவை மாநிலமே சுமந்தது. பிரதிநிதிகள் சபையில் டெக்சாஸுக்குக் கூடுதலாக மூன்று இடங்கள் கிடைக்குமென எதிர்பார்க்கப்பட்டது; கிடைத்தது இரண்டு.

எண்ணிக்கை ஒன்று, நாற்காலி இன்னொன்று

சான் அன்டோனியோவில் மெக்சிகோ வழியினர் மக்கள்தொகையில் பாதியை நெருங்கிய பிறகும், மாநகர மன்றம் நீண்ட காலம் பிறர் கையிலேயே இருந்தது. நகரம் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களிக்கும் முறை அதற்கு வழிவகுத்தது. 1975-இல் வாக்குரிமைச் சட்டம் மொழிச் சிறுபான்மையினருக்கும் டெக்சாஸுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1977-இல் அந்நகரம் வார்டு வாரியான தேர்தலுக்கு மாறியது. நான்கு ஆண்டுகளில், 1981-இல், ஹென்றி சிஸ்னெரோஸ் மேயரானார். 1840-களில் பதவி வகித்த ஹுவான் செகினுக்குப் பின் அப்பதவிக்கு வந்த முதல் ஹிஸ்பானிக் அவரே. எல் பாசோ இவ்வகையில் முந்திக்கொண்டது. அங்கு ரேமண்ட் டெல்லெஸ் 1957-இலேயே மேயர் ஆகியிருந்தார்.

ஹூஸ்டனுக்கு இன்றுவரை ஹிஸ்பானிக் மேயர் வாய்த்ததில்லை. மக்களில் 44 சதவீதத்தினராக இருந்தும், 2022-இல் அந்நகரின் 16 உறுப்பினர் மன்றத்தில் ஒரே ஒரு ஹிஸ்பானிக் உறுப்பினர் இருந்தார். 16 இடங்களில் ஐந்து, நகரம் முழுவதும் வாக்களித்து நிரப்பப்படுபவை. அம்முறையை எதிர்த்து அவ்வாண்டு லூலாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது.

பாசடேனாவில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டுமென்ற கட்டுப்பாட்டை 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. அவ்வாண்டே அந்நகரம் தன் எட்டு வார்டுகளை ஆறாகக் குறைத்து, இரு இடங்களை நகரம் தழுவியனவாக்கியது. ஹிஸ்பானிக் வாக்காளர்கள் பெரும்பான்மை பெறும் தறுவாயில் இருந்த நேரம் அது. 2017 ஜனவரியில் மத்திய நீதிமன்றம், இம்மாற்றம் அவர்களின் வாக்கு வலிமையைக் குறைக்கும் நோக்குடன் செய்யப்பட்டது எனத் தீர்ப்பளித்து, நகரை மீண்டும் முன்ஒப்புதல் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவந்தது.

மக்கள்தொகைப் பங்குக்கும் வாக்காளர் பங்குக்கும் இடையிலான இடைவெளியையும் இங்குக் கருத வேண்டும். ஹிஸ்பானிக் மக்களுள் குழந்தைகளும் இளைஞரும் அதிகம். டெக்சாஸ் அரசுப் பள்ளி மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அவர்களே. குடியுரிமை பெறாதோரும் உள்ளனர். ஆகவே 40 சதவீத மக்கள்தொகை, வாக்களிக்கத் தகுதியுடைய குடிமக்களிடையே ஏறத்தாழ 30 சதவீதமாகச் சுருங்குகிறது. அவ்வாறெனில் தொகுதிகளை வாக்காளர் எண்ணிக்கையைக் கொண்டு பிரிக்க வேண்டுமா, மொத்த மக்களைக் கொண்டு பிரிக்க வேண்டுமா என்ற வழக்கும் டெக்சாஸிலிருந்தே எழுந்தது. மாநிலங்கள் மொத்த மக்கள்தொகையைப் பயன்படுத்தலாம் என 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. வாக்களிக்க இயலாத குழந்தைக்கும் பிரதிநிதி உண்டு என்பதே அதன் உட்பொருள்.

2021-இல் வரையப்பட்ட வரைபடத்தில், புதிதாகக் கிடைத்த இரு இடங்களும் வெள்ளையின வாக்காளர் மிகுந்த தொகுதிகளாக அமைந்தன என்பது வழக்காடியவர்களின் குற்றச்சாட்டு. வரைபடம் இனத்தைக் கருத்தில் கொண்டு வரையப்படவில்லை என்பது மாநில அரசின் பதில். 2025 ஆகஸ்டில், பத்தாண்டு முடியும் முன்னரே, குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக ஐந்து இடங்களைப் பெற்றுத்தரும் நோக்கில் சட்டமன்றம் வரைபடத்தை மீண்டும் மாற்றியது. எல் பாசோவில் அமர்ந்த மத்திய நீதிமன்ற அமர்வு நவம்பரில் அதற்குத் தடை விதித்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது.

இத்தனைக்கும், ஹிஸ்பானிக் பங்கு உயர்ந்தால் ஜனநாயகக் கட்சி வலுப்பெறும் என்ற பழைய கணக்கு இப்போது எல்லையிலேயே பொய்த்திருக்கிறது. ரியோ கிராண்டே கரையில், மக்களில் ஏறத்தாழ அனைவரும் ஹிஸ்பானிக்காக உள்ள ஸ்டார் கவுன்டி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதிபர் தேர்தல்களில் குடியரசுக் கட்சியைத் தேர்ந்தெடுத்ததில்லை. 2024-இல் அது டொனால்ட் டிரம்பைத் தேர்ந்தெடுத்தது. எண்ணெய் வயல்களிலும் எல்லைக் காவல் படையிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள் அங்கு ஏராளம். பொருளாதாரமும் சமயப் பற்றும் அவர்களின் வாக்கைத் தீர்மானிப்பதில் பூர்வீகத்துக்குக் குறைந்தவை அல்ல. 2025-இல் திருத்தப்பட்ட வரைபடம், தென் டெக்சாஸில் ஹிஸ்பானிக் வாக்காளர் மிகுந்த சில தொகுதிகளையே குடியரசுக் கட்சிக்குச் சாதகமானவையாகக் கணித்துக்கொண்டிருப்பது இம்மாற்றத்தை நம்பியே. அடுத்த பத்தாண்டுக் கணக்கெடுப்பு 2030 ஏப்ரல் 1-ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டு நடைபெறும்.